கிணற்றுக்கும் சர்க்கரை வியாதி

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணிக்குள், நகரியில் ஒரு தெருவுக்கே சர்க்கரை வியாதி வந்துவிட்டது.

சத்தியமாகத்தான் சொல்கிறேன். ஏழு மணிக்கு எல்லாரும் சௌக்கியமாக இருந்தார்கள். பல் தேய்த்தார்கள், காபி குடித்தார்கள், பக்கத்து வீட்டோடு சண்டை போட்டார்கள். பத்து மணிக்குப் பார்த்தால் பதினான்கு வீட்டிலும் வியாதி! காலராகூட இவ்வளவு சுறுசுறுப்பாக வேலை செய்ததில்லை.

நான் திருப்பதி பஸ்ஸை விட்டு இறங்கி அந்தத் தெருவுக்குள் நுழைந்தபோது தறிச் சத்தமே கேட்கவில்லை. நகரியில் தறி ஓடாத தெரு என்றால் ஒன்று பண்டிகையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் துக்கமாக இருக்க வேண்டும். வாசலில் மாவிலைத் தோரணம் எதுவும் காணோம். நடையை எட்டிப் போட்டேன்.

என் அக்கா ராஜம்மா வாழ்க்கைப்பட்டிருப்பது அந்தத் தெருவில்தான். அவள் வீட்டுக்காரர் முனுசாமி மாமா சாயக்காரர். சுற்றுவட்டாரத்தில் முப்பது தறிகளுக்கு அவர்தான் நூலுக்குச் சாயம் போட்டுக் கொடுக்கிறார். அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள்.

"வாடா தம்பி. எங்க தெரு மொத்தத்துக்கும் சக்கரை வியாதி வந்துடுச்சிடா."

"யாருக்கு?"

"அல்லாருக்கும்."

"எல்லாருக்கும்னா?"

"அல்லாருக்கும்னா அல்லாருக்கும்தான். உங்க மாமா டெஸ்ட் பண்ணிட்டாரு."

மாமா டெஸ்ட் பண்ணினாரா? போன தடவை நான் வந்தபோது அவர் சாயக்காரர். நடுவில் எப்போது டாக்டர் ஆனார்?

கொல்லைப்புறத்தில் மாமாவின் சாயப்பட்டறை. அங்கேதான் தெரு மொத்தமும் கூடியிருந்தது. சாயம் கொதிக்கிற அடுப்பில் ஒரு அகலமான பாத்திரம், அதில் கொதிக்கிற வெந்நீர், வெந்நீருக்குள் வரிசையாகச் சின்னச் சின்ன மருந்துப் புட்டிகள். புட்டிகளில் காகிதத் துண்டு ஒட்டி, அதில் பெயர். எல்லாப் புட்டிகளிலும் ஒரே கண்றாவிக் கலர். பச்சையாக ஆரம்பித்து, திரிந்துபோய், அடியில் கறுத்துக்கொண்டிருந்தது. மாமா கையில் ஒரு குச்சியோடு, ஜட்ஜ் மாதிரி நின்றிருந்தார்.

விஷயம் இதுதான். அதற்கு இரண்டு வாரம் முன்னால், எதிர் வீட்டு ஏகாம்பரத்துக்குத் தொடையில் ஒரு கட்டி. ஆறவில்லை. திருப்பதியில் ஒரு லேடி டாக்டரிடம் காட்டப் போனவருக்கு மாமா துணைக்குப் போனார். ஆறாத புண் என்றதும் டாக்டரம்மா சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறார்.

கம்பவுண்டர் ஒரு கண்ணாடிக் குழாயில் நீலத் தண்ணீரை ஊற்றி, அதில் எட்டுச் சொட்டு சிறுநீர் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் கொதிக்க வைத்தார். நீலம் நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சையானால் கொஞ்சம். மஞ்சளானால் இன்னும் கொஞ்சம். ஆரஞ்சு, அதற்கும் மேலே போய்ச் செங்கல் நிறம் வந்தால் — சாட்சாத் சர்க்கரை வியாதி. ஏகாம்பரத்துக்கு நீலம். மனுஷர் சந்தோஷமாக ஊர் திரும்பிவிட்டார்.

மாமா மட்டும் அந்தக் குழாயை மறக்கவில்லை. முப்பது வருஷமாகக் கலரிலேயே குளிக்கிற ஆள் ஆயிற்றே! கம்பவுண்டரிடம் நைசாகக் கேட்டிருக்கிறார், இந்த நீலத் தண்ணியில் என்ன கலந்திருக்கிறது என்று. கம்பவுண்டர் பெருமையாக, "துத்தம் ஐயா, சோடா ஐயா, இன்னும் ஏதோ ஒரு உப்பு... அந்தே!" என்று சொல்லியிருக்கிறார்.

அந்தே, அதாவது அவ்வளவுதான். மயில்துத்தம் மாமாவின் பட்டறையில் மூட்டையாக இருக்கிறது. சலவைச் சோடா பீப்பாயில் இருக்கிறது. அந்த இன்னொரு உப்பு? சாயக்காரருக்கு உப்புக்கா பஞ்சம்! சமையலறை உப்பில் ஒரு பிடி போட்டுவிட்டார்.

அப்புறம் தெருவெல்லாம் சொல்லி அனுப்பினார். திருப்பதிக்குப் போக வேண்டாம், பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம், இங்கேயே டெஸ்ட். நம் ஜனங்களுக்குக் கேட்கவா வேண்டும்? வீட்டுக்கு ஒரு புட்டியாவது வந்து சேர்ந்துவிட்டது.

நான் போய்ச் சேர்ந்தபோது தேசம்மா என்கிற பக்கத்து வீட்டு அம்மாள் மாமாவைப் பிடி பிடி என்று பிடித்துக்கொண்டிருந்தார்.

"நான் காபிக்கே சக்கரை போடமாட்டேன். பாயசம்னா ஒரு வாய்க்கு மேல துன்னமாட்டேன். எனக்கு எப்டி வரும்? உங்க புட்டி இன்னா, வேணும்னே பண்ணுதா?"

"புட்டி இன்னாம்மா பண்ணும்? உள்ள இருக்கிறதைத்தான் காட்டுது."

"அப்ப என் வீட்டுக்காரருக்கும் இதே கலர் எப்டி? அவரு அல்வாவைக் கண்ணால பாத்தாலே துன்னுடுவாரு. அவருக்கும் எனக்கும் ஒண்ணா?"

நியாயமான கேள்வி. இதற்குள் ஏகாம்பரம் தன் புட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"எனக்குத் திருப்பதியில நீலம் வந்துச்சே! ரெண்டு வாரத்துல கறுப்பா பூடுச்சா? கறுப்புன்னு ஒரு கலரை அந்தக் கம்பவுண்டர் சொல்லவே இல்லியே!"

இங்கேதான் உங்கள் பத்தி எழுத்தாளன் நுழைகிறான். நான் விஞ்ஞானம் படித்தவன் இல்லை. திருப்பதியில் ஒரு காலேஜ் ஆபீஸில் விஞ்ஞான வாத்தியார்களின் லீவு லெட்டரை ஃபைல் பண்ணுகிறவன். ஆனால் பூவோடு சேர்ந்த நார் மாதிரி ஏதோ கொஞ்சம் ஒட்டிக்கொள்ளாதா? எந்தச் சோதனை செய்தாலும் பக்கத்தில் வெறும் தண்ணீரை வைத்தும் ஒரு தடவை செய்து பார்க்க வேண்டும் என்று ஒரு கெமிஸ்ட்ரி வாத்தியார் அடிக்கடி சொல்வார்.

"மாமா, ஒரு புட்டியில கிணத்துத் தண்ணி எட்டுச் சொட்டு விட்டுப் பாருங்க."

"கிணத்துக்கு எதுக்குடா டெஸ்ட்?"

"சும்மா பாருங்களேன்."

அக்கா கிணற்றிலிருந்து ஒரு சொம்பு சேந்திக் கொண்டு வந்தாள். எட்டுச் சொட்டு விட்டார்கள். அடுப்பில் வைத்தார்கள். தெருவே குனிந்து பார்த்தது. பச்சை... திரிந்தது... அடியில் கறுக்க ஆரம்பித்தது.

அப்புறம் தேசம்மாதான் முதலில் வாயைத் திறந்தார்.

"அய்யய்யோ... கிணத்துக்கும் சக்கரை வியாதி!"

அவ்வளவுதான். சிரிப்பு என்றால் அப்படி ஒரு சிரிப்பு. ஏகாம்பரம் சாயத் தொட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தேசம்மாவின் வீட்டுக்காரர், இனிமேல் அல்வாவே கிடையாதா என்று அதுவரை முகம் தொங்கி உட்கார்ந்திருந்தவர், எழுந்து நின்று கைதட்டினார். மயில்துத்தமும் சோடாவும் சேர்ந்து கொதித்தாலே அந்தக் கலர்தான் வரும், அதற்கு நம்மிடமிருந்து சர்க்கரை எதுவும் தேவையில்லை என்று எல்லாருக்கும் புரிந்துவிட்டது. அவரவர் புட்டியை அவரவர் கவிழ்த்துவிட்டுப் போனார்கள். பத்து நிமிஷத்தில் தறிகள் ஓட ஆரம்பித்தன. தெருவுக்கு வியாதி குணமாகிவிட்டது.

மாமா மட்டும் சிரிக்கவில்லை.

பாத்திரத்தில் கிணற்றுப் புட்டியைத் தவிர இன்னும் ஒரு புட்டி பாக்கி இருந்தது. அதில் பெயர் ஒட்டவில்லை. பதினான்கு வீட்டுப் புட்டியும் போயாயிற்று. இது அதற்கு மேலே ஒன்று.

"இது யாரோடது மாமா?"

மாமா குச்சியால் அந்தப் புட்டியை ஓரமாகத் தள்ளினார். அக்காதான் முந்தானையால் வாயைத் துடைத்தபடி, "சொல்லுங்களேன், அவன் இன்னா வேத்தாளா?" என்றாள்.

மாமா அடுப்பு மேடையில் உட்கார்ந்தார். "எனக்குத்தான் மச்சான் பாக்கணும்னு இருந்துச்சு. எனக்கு மட்டும்னா தெருவுல பேசுவாங்க. அதான் அல்லாரையும் இஸ்துக்கினு வந்தேன். கூட்டத்துல என்னுதும் ஒண்ணா பூடும்னு."

இரண்டு மாதமாக அவருக்கு அடங்காத தாகமாம். குடம் குடமாகக் குடிக்கிறாராம், குடித்ததெல்லாம் உடனே வெளியேறிவிடுகிறதாம். ஆள் இளைத்துப் போயிருந்தார், நான்தான் கவனிக்கவில்லை. ஆனால் அவருக்குக் கவலை தாகத்தைப் பற்றி இல்லை.

"போன மாசம் ஏகாம்பரத்துக்கு ஒரு பொடவைக்கு அரக்கு நூல் போட்டுக் குடுத்தேன். உடலுக்கு ஒரு தொட்டி, முந்தானைக்கு ஒரு தொட்டி. தறியில ஏத்திட்டுத் திருப்பி எடுத்துக்கினு வந்தான். ரெண்டும் ஒண்ணா இல்லியாம். முந்தானையில காவி அடிக்குதாம். நான் வெயில்ல பிடிச்சுப் பாத்தேன் மச்சான். எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது."

முப்பது வருஷத்தில் மாமா போட்ட நூல் திரும்பி வந்ததே இல்லை. கிளிப்பச்சையில் ஒன்பது வகை சொல்லுவார். மாம்பழ மஞ்சளுக்கும் எலுமிச்சை மஞ்சளுக்கும் நடுவில் ஒரு மஞ்சள் இருக்கிறது என்று சண்டைக்கு வருவார்.

"கண்ணு போச்சுன்னா சாயக்காரன் இன்னா பண்ணுவான்? வெள்ளை நூலை வெள்ளையாவே திருப்பிக் குடுப்பானா?"

"அதுக்குத்தானே டாக்டர்? திருப்பதியில அப்பவே பாத்துட்டு வந்திருக்கலாமே?"

"டாக்டர் சொல்லிட்டா அது நெஜமாயிடும்ல?"

எனக்குக் கோபம் வந்தது, ஆனாலும் திட்ட மனசு வரவில்லை. ஏன் என்றால் இது மாமாவின் கேள்வி மட்டும் இல்லை. நாம் எல்லாருமே இப்படித்தானே? டெஸ்ட்டுக்கு யார் பயப்படுகிறார்கள்? ரிப்போர்ட்டுக்குத்தான் பயம். பரீட்சை எழுதிவிட்டு, ரிசல்ட் வருகிற அன்றைக்கு வெளியூர் போய்விடுகிற ஜாதி நாம். வியாதி உடம்பில் இருந்தால் பரவாயில்லை, காகிதத்தில் வந்துவிடக் கூடாது!

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் மாமாவை ஏற்றினேன். வெறும் வயிற்றோடு வர வேண்டும், தண்ணீர் மட்டும் குடிக்கலாம் என்று சொல்லிவிட்டேன். மாமா அதை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தார். புத்தூரில் பஸ் நின்றபோது நான் இறங்கி இரண்டு வடையும், ஸ்ட்ராங்காக ஒரு காபியும் சாப்பிட்டுவிட்டு ஏறினேன். துணைக்குப் போகிறவன் பட்டினி கிடக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

பஸ்ஸில் எல்லாரும் பேசுகிற பேச்சு உங்களுக்குத் தெரிந்ததுதான். தமிழ்ப் பக்கத்துக்கும் தெலுங்குப் பக்கத்துக்கும் நடுவில் எல்லைக்கோடு போட்டாகிவிட்டது. திருத்தணி அந்தப் பக்கம், நகரி இந்தப் பக்கம். பொண்ணு கொடுத்த வீடு ஒரு மாகாணம், பொண்ணு எடுத்த வீடு இன்னொரு மாகாணம். இரண்டு பேர் அதைப் பற்றி உரக்கச் சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். மாமா அதில் கலந்துகொள்ளாமல் ஜன்னல் வழியாகவே பார்த்துக்கொண்டிருந்தார்.

வடமாலபேட்டை தாண்டும்போது பெருமூச்சு விட்டார்.

"ரெண்டு மூணு மாசமா ஒரு கடை போர்டு படிக்க வரல மச்சான். அல்லாத்தையும் தெலுங்குல மாத்திக்கினு வராங்க. எனக்குத் தெலுங்கு பேசத்தான் வரும், படிக்க வராதே. அந்தோ, அதுல இன்னா எழுதிக்கீது?"

நான் எட்டிப் பார்த்தேன். பழைய மளிகைக் கடை. பழைய போர்டு. பெயிண்ட் உரிந்து, ஆனாலும் கொட்டை எழுத்தில்...

"மாமா, அது தமிழ்லதான் எழுதியிருக்கு."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். பாவம், கண் மங்கியதற்கு இத்தனை நாள் கவர்மெண்டைத் திட்டிக்கொண்டு இருந்திருக்கிறார்!

டாக்டரம்மா நடுத்தர வயது. சித்தூர்க்காரர், தமிழும் தெலுங்கும் சரளம். மாமா சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். முதலில் ரத்தம் எடுக்கச் சொன்னார், பிறகு கம்பவுண்டரிடம் அந்த நீலக் குழாய்க்கு அனுப்பினார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா? மாமாவுக்குத் தைரியம் கொடுக்கிறேன் பேர்வழி என்று, "எனக்கும் சேர்த்தே பார்த்துவிடுங்கள்" என்றேன். எனக்கு ஒன்றும் இருக்காது என்கிற தெம்புதான். ரத்தமும் கொடுத்தேன், மற்றதும் கொடுத்தேன்.

இரண்டு குழாய். முதலில் என்னுடையது. கொதித்தது, கொதித்தது... நீலம் அசையவே இல்லை. திருமலை மேலே தெரிகிற வானம் மாதிரி சுத்த நீலம். நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

அடுத்தது மாமாவுடையது. கம்பவுண்டர் குழாயைச் சாய்த்துப் பிடித்தார். மாமா அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. குழாயில் கலர் மாற மாற, சாயத் தொட்டி முன்னால் நிற்கிற பழக்கத்தில், வாய் தானாக முணுமுணுத்தது.

"கிளிப்பச்சை... பாசிப்பயறு... மாம்பழ மஞ்சள்... கனகாம்பரம்..."

கம்பவுண்டர் விளக்கை அணைக்கப் போனார். "ஆரஞ்சு. சாலு!" போதும் என்று அர்த்தம்.

"அணைக்காத நைனா. இன்னும் ஒரு கொதி கீது. இது ஏறும்."

கம்பவுண்டருக்கு ரோஷம் வந்துவிட்டது. இருந்தாலும் ஒரு கொதி விட்டார். ஏறியது. செங்கல்.

"சொன்னேன்ல," என்றார் மாமா. ஜெயித்த குரல். சொன்ன பிறகுதான் அது யாருடைய குழாய் என்று அவருக்கு ஞாபகம் வந்தது. அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த டாக்டரம்மா உள்ளே வந்தார். மாமாவை உட்கார வைத்து, விளக்கு வைத்த சின்னக் கருவி ஒன்றால் கண்ணுக்குள் நெடுநேரம் பார்த்தார்.

"உள்ளே கெட்டுப்போனதா எதுவும் தெரியலே," என்றார். "ரத்தத்திலே சர்க்கரை ஏறினா கண்ணில் இருக்கிற லென்ஸ் ஊறிப்போகும். அதான் மங்கல். சர்க்கரையைக் குறைங்க, பெரும்பாலும் தெளிஞ்சுடும். கண்ணாடி மட்டும் இப்போ வாங்காதீங்க. இன்னிக்கு வாங்கினது ரெண்டு மாசத்திலே பொருந்தாது."

"பெரும்பாலும்னா?" என்றார் மாமா.

"பெரும்பாலும்னா பெரும்பாலும்தான். இன்னும் ஒரு வருஷம் கழிச்சு வந்திருந்தா இதைச் சொல்லியிருக்க மாட்டேன்."

நான் மெதுவாக என் நீலத்தைப் பற்றி ஆரம்பித்தேன். டாக்டரம்மா கையைக் காட்டி நிறுத்தினார்.

"உங்க ஊர்ல ஏரி இருக்கா?"

"இருக்கும்மா," என்றார் மாமா.

"கலங்கல் வழியா தண்ணி எப்போ வெளியே போகும்?"

"ஏரி ரொம்பி வழிஞ்சாத்தான் போகும்."

"கலங்கல்ல தண்ணி போகலேன்னா ஏரி காலின்னு அர்த்தமா?"

"அதெப்டி? முக்கால் ஏரி இருந்தாலும் கலங்கல் காஞ்சுதான் கிடக்கும்."

"அதேதான். ரத்தம்தான் ஏரி. இந்தக் குழாய் கலங்கல். ரத்தத்திலே சர்க்கரை சுமார் நூற்றி எண்பதைத் தாண்டினால்தான் சாதாரணமா வெளியே வழியும். அதுக்குக் கீழே எவ்வளவு இருந்தாலும் குழாய் நீலம்தான் காட்டும். வழியறதைப் பார்த்து வியாதி இருக்குன்னு சந்தேகப்படலாம். வழியலேன்னு சொல்லி இல்லேன்னு சத்தியம் பண்ண முடியாது. ரத்தத்தைப் பார்க்கணும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க காலையிலே என்ன சாப்பிட்டீங்க?"

"ஒண்ணுமில்லே... ரெண்டு வடை."

"அப்புறம்?"

"காபி. அது ஒரு சாப்பாடா?"

டாக்டரம்மா பார்த்த பார்வையில் அந்த இரண்டு வடையும் வயிற்றுக்குள் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொண்டன.

ரத்த ரிப்போர்ட் சாயங்காலம்தான் வந்தது. மாமாவுக்கு வெறும் வயிற்றில் இருநூற்று எழுபது. சந்தேகத்துக்கு இடமே இல்லை. நூறுக்குள் இருந்தால் நிம்மதி என்றார் டாக்டரம்மா. இப்போது மாத்திரையே வந்துவிட்டதாம், அதில் ஆரம்பிக்கலாம், கேட்காவிட்டால் ஊசி என்றார். என்ன சாப்பிட வேண்டும், எவ்வளவு நடக்க வேண்டும் என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். நிஜமான நீலத் தண்ணீர் ஒரு பாட்டிலும் கொடுத்து, தினமும் வீட்டிலேயே குழாயில் கொதிக்க வைத்துப் பார்க்கச் சொன்னார்.

"கலர் பார்க்க உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டாம்," என்று சிரித்தார். அன்றைக்கு மாமா முதல் தடவையாகச் சிரித்தது அப்போதுதான்.

எனக்கு? என் நம்பர் நூற்றி ஐம்பத்தைந்து. வடைக்கும் காபிக்கும் பிறகு எடுத்த ரத்தம், இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, ஆனால் சும்மா விடவும் முடியாது என்றார்கள். அடுத்த வாரம் ஒழுங்காகப் பட்டினியோடு போனேன். முதலில் வெறும் வயிற்றில் ஒரு ரத்தம். அப்புறம் ஒரு டம்ளர் நிறைய குளுக்கோஸ் தண்ணீர். திகட்டிப் போய்விட்டது, ஐயா! ஆனால் விஷயம் அதில்தான் இருக்கிறது. வெறும் வயிற்று ரத்தம், இரவெல்லாம் ஒன்றும் உள்ளே போகாதபோது உடம்பு தன் வீட்டை எப்படி வைத்திருக்கிறது என்று சொல்கிறது. குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கிற ரத்தம், திடீரென்று விருந்தாளி வந்தால் எப்படிச் சமாளிக்கிறது என்று சொல்கிறது. சில பேருக்கு வீடு சுத்தமாக இருக்கும், விருந்தாளி வந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

என் வீட்டில் குட்டு கொஞ்சம் வெளிப்பட்டுவிட்டது. வெறும் வயிற்றில் நூற்றிப் பதினாலு. இரண்டு மணி நேரம் கழித்து நூற்றி அறுபத்திரண்டு.

"இன்னும் வியாதி இல்லே," என்றார் டாக்டரம்மா. "ஆனா வர்ற வழியிலே நிக்கறீங்க. திரும்பிப் போகவும் வழி இருக்கு. காபிக்கு எவ்வளவு சர்க்கரை?"

"ரெண்டு ஸ்பூன்."

"ரெண்டா?"

"...மூணு."

கவனித்தீர்களா? என் குழாய் நீலமாக இருந்தது. காலரைத் தூக்கிவிட்டுக்கொண்ட அந்த நேரத்திலேயே என் ஏரி முக்காலுக்கு மேல் நிறைந்து கிடந்திருக்கிறது. மாமாவுக்காவது பயம் இருந்தது, பயம் அவரை எப்படியோ சுற்றிவளைத்து டாக்டரிடம் கொண்டுவந்து சேர்த்தது. எனக்கு என்ன இருந்தது? தெம்பு. அதை வைத்துக்கொண்டு டாக்டரிடம் யார் போவார்கள்?

அப்புறம் நாலு வாரம் எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் சுலபமாக இல்லை. மாமா மாத்திரை சாப்பிட்டார், கேழ்வரகுக் களியை அளந்து சாப்பிட்டார், காலையில் ஏரிக்கரை வரை நடந்தார். தினமும் சாயப்பட்டறையில் குழாயைக் கொதிக்க வைத்தார். செங்கல் கனகாம்பரம் ஆயிற்று, கனகாம்பரம் மாம்பழ மஞ்சள் ஆயிற்று என்று அக்கா எனக்குக் கார்டு போட்டுக்கொண்டே இருந்தாள். சாயம் மட்டும் அவர் போடவில்லை. தொட்டி காய்ந்து கிடந்தது. கண்ணைப் பற்றி அக்காவும் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை.

முந்தாநாள் ஞாயிற்றுக்கிழமை நகரிக்குப் போனேன். தெரு முனையிலேயே தறிச் சத்தம் காதைப் பிளந்தது. வீட்டு வாசலில் அக்கா புதுப் புடவையில் நின்றாள். நீலம். சாதாரண நீலம் இல்லை. மயில் கழுத்து இல்லை, ஊதா இல்லை. எங்கேயோ பார்த்த நீலம்... எங்கே?

"தெரியலியா?" என்றாள் அக்கா. முகமெல்லாம் சிரிப்பு, கண்ணில் தண்ணீர். "போன வாரம் குழாய் நீலமாவே நின்னுடுச்சிடா. அதைப் பட்டறையில பக்கத்துல வெச்சிக்கினு, அதே நீலத்துக்கு நூல் போட்டாரு. உடலுக்கு ஒரு தொட்டி, முந்தானைக்கு ஒரு தொட்டி. ஏகாம்பரம்தான் நெய்ஞ்சி குடுத்தான்."

நான் முந்தானையையும் உடலையும் சேர்த்துப் பிடித்து வெயிலில் பார்த்தேன். ஒரு நூல் வித்தியாசம் இல்லை. ஏகாம்பரமே நேரில் வந்து, "பூதக்கண்ணாடி வெச்சுப் பாத்தாலும் ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாது" என்று சொல்லிவிட்டு, அதே நீலத்தில் இன்னும் இரண்டு பாவுக்கு நூல் கேட்டுக்கொண்டு போனார். தெருவில் அந்தக் கலருக்கு 'டெஸ்ட் நீலம்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். தேசம்மா தன் பெண் கல்யாணத்துக்கு அதில்தான் ஒன்று வேண்டும் என்கிறார்.

மாமா கொல்லையில் தொட்டி முன்னால் நின்றிருந்தார். கை முழங்கை வரை நீலம். என்னைப் பார்த்ததும் சிரித்தார். தூரத்து மதில் சுவரில் யாரோ ஒட்டியிருந்த நோட்டீஸைக் காட்டி, அதிலிருந்த தமிழை ஒரு எழுத்து விடாமல் படித்துக் காட்டினார். கீழே ஒரு வரியில் மட்டும் நின்றுவிட்டார்.

"அது தெலுங்கு மச்சான்," என்றார். "நெஜமாவே தெலுங்கு."

எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல் இருந்தது. வேட்டி நீலமாகிவிடும் என்று யோசித்தேன். அப்புறம், ஆனால் ஆகட்டும் என்று கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

காபி வந்தது. அக்கா கொடுத்த காபியில் சர்க்கரை இல்லை. முகத்தைச் சுளிக்காமல் குடித்தேன், நம்புங்கள்! நல்ல பேர் எடுத்துவிட்ட தைரியத்தில் மெதுவாகக் கேட்டும் பார்த்தேன்.

"மாமா, எனக்கும் அந்த டெஸ்ட் நீலத்துல ஒரு கரை வேட்டி போட்டுக் குடுங்களேன்."

மாமா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"உன் ரத்த ரிப்போர்ட்டை எடுத்துக்கினு வா, பாக்கலாம். உன் நீலத்தைத்தான் டாக்டரம்மாவே நம்பலியே!"